மனரம்மிய அத்தான்

என் அக்காவின் வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒரு குரல் வருமே, அது அவர்தான். இருபத்தாறு வருடம் அந்த வேலையைப் பார்த்தார். அதில் பெரும்பகுதி, வரவேண்டிய ரயில் இன்னும் வரவில்லை என்று சொல்வது. சொன்ன விதத்தில்தான் தகராறு. இரண்டு மணி நேரத் தாமதத்தை, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்கிற தொனியில் சொல்வார். மூட்டை முடிச்சோடு நடைமேடையில் காய்ந்துகொண்டிருப்பவர்களுக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல இருக்கும். எழுத்துமூலமாகவே புகார் வந்திருக்கிறது. நிலைய அதிகாரி கூப்பிட்டு விசாரித்தாராம்.

"கோபமா சொன்னா ரயில் சீக்கிரம் வந்துருமா சார்?" என்று அத்தான் கேட்டிருக்கிறார். அதிகாரி புகாரைக் கோப்பில் வைத்துவிட்டார்.

நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'மனரம்மியம்'. வேதாகமத்துக்கு வெளியே இந்த வார்த்தையை வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. இயேசுவின் ஊழியக்காரர் பவுல் சிறையில் இருந்துகொண்டு சபைக்கு எழுதிய கடிதத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாக, அதாவது மனநிறைவோடு, இருப்பதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அத்தான்தான். அந்த வரி வரும்போது மட்டும் குரலை ஒரு படி இறக்கி, நிறுத்தி, தேனில் தோய்த்து வாசிப்பார். வீட்டுக்கு வந்தும் விடமாட்டார். கூரை ஒழுகினால் மனரம்மியம். பதவி உயர்வு பக்கத்து மேஜைக்குப் போனால் மனரம்மியம்.

"நீங்க கீழ மனரம்மியமா உக்காந்திருக்கறதாலதான் நான் ஏணியில ஏற வேண்டியிருக்கு," என்பாள் அக்கா, ஏணியில் இருந்தபடி.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். குறை கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு மனரம்மியம் ஒத்துக்கொள்ளாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில். சாப்பிடுவதற்கு முன் அத்தான் ஜெபம் பண்ணுவார். மைக் இல்லாவிட்டாலும் தெருமுனை வரை கேட்கும். உலகத்தில் உள்ள சகலத்துக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கடைசியில் "ஆமென்" என்பார். நாங்கள் இருவரும் ஆமென் சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொள்வோம். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் போகாமல் இருந்ததில்லை.

ஒருநாள் அவர் குரல் கம்மியது. ஜலதோஷம் என்றார். மூன்று மாதம் அதே ஜலதோஷம். மூன்று மாதமும் மனரம்மியமாகவே இருந்தார். அக்கா அழாத குறையாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது டாக்டர், ஏன் முன்பே வரவில்லை என்றுதான் முதலில் கேட்டார். தொண்டையில் புற்றுநோய். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, மூச்சு அந்த வழியாக. கிசுகிசுக்கக்கூட முடியாது.

மருத்துவமனையில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம் வரும். அதுதான் இனி பேச்சு என்றார்கள். அவர் ஒரே ஒரு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார். சட்டைப் பையில் ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் குடியேறின. அதில் எழுதுவது எல்லாம் சுத்தமான அறிவிப்புத் தமிழில் இருக்கும்.

போதகர் பார்க்க வந்தார். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லவேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னார். அத்தான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதி நீட்டினார்: 'எடுத்துக்கொள்ளட்டும். ஸ்தோத்திரம் சொல்வதற்குத் தேவையானதை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம்.' போதகர் அதை இரண்டு முறை படித்தார். தண்ணீர் குடித்தார். கிளம்பிப் போனார்.

அதன்பிறகு அத்தான் ஆராதனைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஜெபமும் நின்றது. அவர் உட்காருவார், தட்டைப் பார்ப்பார், சாப்பிடுவார். அக்கா எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். முதல் வாரம் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் எழுந்துபோய்க் கேட்டேன்.

"ஜெபம் பண்ணாத மேஜையில உக்காந்து எனக்குப் பழக்கமில்லடா," என்றாள்.

"அப்ப நீயே பண்ணேன். உனக்கு என்ன தெரியாதா?"

"தெரியும். ஆனா அது அவர் இடம். நான் போய் உக்காந்துட்டா, அவர் திரும்பி எங்க வருவாரு?"

ஏழு மாதம் இப்படிப் போனது. நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் என்னைக் கடுப்பேற்றிய சமாசாரம் ஒழிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. பயமாக இருந்தது. மேஜையில் ஒரு பக்கம் வாயே இல்லாத மனுஷர், உள்ளே நின்றுகொண்டு சாப்பிடும் அக்கா, நடுவில் நான். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தனித்தனியாகக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை.

ரயில்வே அவரைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றியது. இரண்டாம் நடைமேடைக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். குடைகள் ஒரு பக்கம், பைகள் ஒரு பக்கம், ஒற்றைச் செருப்புகள் ஒரு பக்கம். வருகிறவர்கள் கேட்பார்கள், இவர் எழுதிக் காட்டுவார். குரல் இல்லாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று முடிவுகட்டி, வருகிறவர்களில் பாதிப் பேர் கத்துவார்கள். என் அச்சகம் இரண்டு தெரு தள்ளி. மத்தியான இடைவேளையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது ஒரு தையல்காரம்மா வந்தார். மூன்று நாள் முன்பு ரயிலில் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். அத்தான் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, 'இல்லை' என்று எழுதிக் காட்டினார்.

அந்த அம்மா குறிப்புப் புத்தகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கீங்க?"

அத்தான் இன்னும் பெரிதாக எழுதினார்.

"ஐயா, எழுதினதைப் படிக்க முடிஞ்சா நான் எதுக்குக் கண்ணாடி தேடி வரப்போறேன்?"

அத்தான் பென்சிலை வீசி எறிந்தார். அது ஒற்றைச் செருப்புகளுக்கு நடுவில் போய் விழுந்தது. நான் 'இல்லையாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பிறகு உள்ளே போய், ஒரு வருடத்துக்கு மேல் யாரும் கேட்டு வராத கண்ணாடிகள் இருந்த தட்டை எடுத்துவந்து அந்த அம்மா முன்னால் வைத்தார். அவற்றைக் கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது.

அந்த அம்மா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் அத்தான் இரண்டாகத் தெரிந்தாராம். ஒன்றில் தரை பள்ளமாகத் தெரிந்ததாம். ஒவ்வொன்றையும் அத்தானே துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். குரல் இருந்த காலத்தில் ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் அந்த அம்மா சிவப்புச் சட்டம் போட்ட ஒன்றை மாட்டிக்கொண்டு குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"ஆ, இப்ப நல்லாத் தெரியுது. 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

அத்தானின் தோள் குலுங்கியது. மூச்சுத்திணறலோ என்று நான் எழுந்துவிட்டேன். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, சிவப்புக் கண்ணாடியோடு படியேறிப் போனார்.

அத்தான் செருப்புகளுக்குள் தேடிப் பென்சிலை எடுத்துவந்து எழுதினார்: 'பவுலின் அந்த வரியை நான் எப்படி வாசிப்பேன்?'

"உள்ளதைச் சொல்லட்டுமா? மனரம்மியத்துல ஒரு அழுத்து அழுத்துவீங்க. அதோட வாக்கியம் முடிஞ்ச மாதிரி, பின்னால வர்ற 'கற்றுக்கொண்டேன்'ங்கறதை விழுங்கிடுவீங்க. எனக்கு ஒவ்வொரு தரமும் கை அரிக்கும்."

அவர் எழுதினார்: 'அது கற்றுக்கொள்ள வேண்டியதாம். எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இருபத்தாறு வருடமும் தாமதமானது மற்றவர்களுடைய ரயில்.'

"சரி, பவுலுக்கு யாரு கத்துக்குடுத்தாங்களாம்?"

பென்சிலை மேலே காட்டினார். மேலே இரண்டாம் நடைமேடை இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பி மறுபடி எழுதினார்: 'கர்த்தரோடு ஏழு மாதமாக நான் பேசவில்லை. அவர் இந்த அறையை விட்டு எங்கும் போனதாகத் தெரியவில்லை. கண்ணாடி துடைக்கும்போதும் இருந்தார்.' நான் பிழை எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி அக்கா வழக்கம்போல எங்களுக்குப் பரிமாறிவிட்டு உள்ளே திரும்பினாள். அத்தான் மேஜையை விரலால் தட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடினார். உதடு அசைய ஆரம்பித்தது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். நானும் மூடினேன்.

ஒரு சத்தமும் இல்லை. கழுத்துத் துணிக்குப் பின்னால் மூச்சு போய்வருவது மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இந்த ஜெபத்துக்கு முடிவு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. ஏழு மாதத்துப் பாக்கி, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். எனக்கு நல்ல பசி. கடைசியில் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

அத்தானின் தட்டு பாதி காலியாகியிருந்தது.

அக்கா இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. "அக்கா, அவர் எப்பவோ முடிச்சிட்டார்," என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து அவர் தட்டைப் பார்த்தாள். "முடிஞ்சா ஒரு வார்த்தை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் இடது கையால் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கோணல்மாணலாக எழுதினார்: 'நீ உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தாய். குறுக்கிட வேண்டாம் என்று இருந்தேன்.'

"நான் எங்க ஜெபிச்சேன்? நீங்க எப்ப முடிப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு போகிற போக்கில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாக வந்து நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற மாதிரி, "ஆமென்," என்றாள். நானும் சொன்னேன்.

பிறகு அவள் ஒரு தட்டை எடுத்துத் தனக்கும் போட்டுக்கொண்டு மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாம் ஆறிப்போயிருந்தது. உப்பும் போட மறந்திருந்தாள். மூன்று பேரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.