சிரிப்பு கூடிய இடத்தில் ஒரு கடை

கொட்டாவியாரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருக்குப் பெண் கொடுத்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வீட்டில் மூத்தவள் ஒரு பெண், கடைக்குட்டி ஒரு தையல்காரன். இடையில் பிறந்தவள் கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வாள். மூத்தவளைக் கட்டிக்கொண்டவர்தான் மேடையில் சிரிப்புக் காட்டிப் பிழைத்த கொட்டாவியார். மைக் முன்னால் வந்து நின்றதும் ஒன்றும் பேசமாட்டார். வாயை ஆவென்று திறந்து நிதானமாக ஒரு கொட்டாவி விடுவார். முன்வரிசைக்குத் தொற்றும், பிறகு நடுவரிசைக்கு, கடைசியில் சுவரோரம் நிற்கிறவனுக்கும். மண்டபமே கொட்டாவி விட்டுவிட்டுத் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும். அதற்கப்புறம்தான் முதல் வார்த்தை.

தையல்காரத் தம்பிக்கு அத்தான் மேல் பாசம் உண்டு, நம்பிக்கை கிடையாது. ஒரு வாயை நம்பி அக்காவைக் கொடுத்துவிட்டோமே என்று ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நினைப்பான். காரணம் இருந்தது. அவர்களுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் அதே மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவர். பல் கொட்டிப் பேச்சுக் குழறியதும் கூப்பிட ஆளில்லை. கடைசியில் மேடையில் போட்ட பளபளப்புக் கோட்டைத் தம்பியின் கடையில் விற்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். வாங்க ஆளில்லாமல் அது கடை ஆணியிலேயே தொங்கியது. அக்கா வந்தால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

கையில் கொஞ்சம் சேர்ந்ததும் கொட்டாவியார் முதலில் போட்டது சாப்பாட்டுக் கடை. வாசலில் தன் முகத்தையே, வாய் திறந்த கோலத்தில், ஆள் உயரப் படமாக வைத்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். உள்ளே வந்தவர்களும் ஏதாவது பேசுங்கள் என்று அவரைத்தான் கேட்டார்களே தவிர, இன்னொரு கரண்டி கேட்கவில்லை. கடையை மூடிய அன்று தம்பி பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "சோறு போடற இடத்துல தூக்கத்தைப் போட்டீங்க அத்தான்" என்றான்.

அத்தான் சிரித்தார். பிறகு படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தினார். "இனிமே என் மூஞ்சி எந்தக் கடையிலயும் இருக்காது மச்சான். மூஞ்சியைப் பார்க்க வர்றவன் பார்த்துட்டுப் போயிடறான்."

அதன்பின் மேடைக்குப் போகும்போதெல்லாம் மச்சானையும் இழுத்துக்கொண்டு போனார். கடைசி வரிசையில் நின்று, ஜனங்கள் எதற்கு வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. உட்கார்ந்ததும் காலைப் பரப்பிக்கொள்ளும் வாடகை நாற்காலியைப் பற்றி ஒரு நாள் பேசினார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. சில மாதத்தில் கொட்டாவியார் உறுதியான நாற்காலிகளாக வாங்கிக் கொட்டகை நிறைய அடுக்கி வாடகைக்கு விட்டார். சலவைக்குப் போன சட்டை பொத்தானில்லாமல் திரும்பி வந்த கதைக்குச் சிரித்தார்கள். ஒரு சலவைக்கடை வந்தது. கல்யாண வீட்டில் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற மாப்பிள்ளையின் கதைக்குக் கூரை அதிர்ந்தது; சக்கரம் வைத்த கழிப்பறைகள் வந்தன.

"மாமியார் ஜோக்குக்கும்தான் சிரிச்சாங்க. மாமியாரை வாடகைக்கு விடுவீங்களா?" என்று தம்பி குத்தினான்.

"அது பழக்கத்துக்குச் சிரிச்சது. உதட்டோட நின்னுடும். பொத்தான் போனவன் சிரிச்சதைப் பார்த்தியா? அவனுக்கு எங்கயோ வலிச்சிருக்கு. அங்கதான் கடை போடணும்."

எந்தக் கடையிலும் அவர் பெயர் இல்லை. மனைவியின் சித்தி மகள் ஒருத்தி பொத்தான் போனதற்குச் சலவைக்காரனோடு சண்டை பிடித்தவள்; அவளையே சலவைக்கடைக்கு மேலாளராக்கினார். அவளை மீறி ஒரு பொத்தான் தொலைய முடியுமா?

இப்படி இருக்கையில் கொட்டாவியாரின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. உயிர் மிஞ்சும், குரல் மிஞ்சாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவை முடிந்த மறுநாள் அக்கா தையல் கடைக்கு வந்தாள். எப்போதும் முதுகைக் காட்டுகிறவள் அன்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இன்னொரு ஆணி அடிக்கணுமாடா?"

அவன் கடையைச் சாத்திவிட்டு நேராக நாற்காலிக் கொட்டகைக்குப் போனான். எல்லாம் படுத்திருக்கும் என்று நினைத்துப் போனவன், லாரியில் நாற்காலி ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டான். முதலாளிக்குக் குரல் போய்விட்டது தெரியுமா என்று ஏற்றுகிறவனிடம் கேட்டான்.

"ஐயோ பாவம்" என்றான் அவன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கால்ல போட்டுடப் போறேன்."

கழிப்பறை நிறுத்துகிற இடம் காலியாகக் கிடந்தது. எங்கே என்று பதறினான். அத்தனையும் வாடகைக்குப் போயிருக்கிறது என்றார் காவலாளி. தம்பி அந்த வெற்றுத் தரையைக் கோயிலைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இத்தனை காலமும் அத்தானுக்கு வாய்தான் முதல் என்று நினைத்திருந்தானே! அந்த மனிதர் காதை வைத்தல்லவா கட்டியிருக்கிறார்.

குரல் போன பிறகு கொட்டாவியார் வீட்டில் அடங்கவில்லை. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சலவைக்கடை பெஞ்சில் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். தம்பி போனபோது வரிசை நகராமல் எல்லாரும் கடுகடுவென்று நின்றார்கள். கொட்டாவியார் வாயைத் திறந்தார். சத்தமே இல்லாத கொட்டாவி. பக்கத்திலிருந்தவருக்குத் தொற்றியது, அடுத்தவருக்கு, கதவோரம் நின்ற அம்மாளுக்கு. எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு கிளம்பியது.

"துணி நல்லாத்தான் இருக்கு, இந்த ஜிப்பு செத்துப்போயிடுதே" என்றாள் அந்த அம்மாள். "சிக்கிக்கிட்டு வரல. எங்க வீட்டுக்காரர் மழைக்கோட்டோடவே குளிச்சார்."

கடை குலுங்கியது. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கொட்டாவியார் மெதுவாகத் திரும்பி மச்சானைப் பார்த்தார். தம்பிக்குப் புரிந்தது. ஆயத்த ஆடை வந்து படுத்துக்கிடந்த தன் தையல் கடை அவன் கண்முன் எழுந்து உட்கார்ந்தது.

அடுத்த முறை அக்கா வந்தபோது பெரியப்பாவின் கோட்டை அவர் பேரன் வாங்கிப் போயிருந்தான். அதே ஆணியில், பழுதானதை மாற்றித் தைக்க, விதவிதமான ஜிப்புகள் சரமாகத் தொங்கின. அக்கா நாற்காலியை அந்த ஆணியின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.