காலில் கட்டிய பூண்டு

ஓசூருக்கு வெளியே ஒரு சோப்பு கம்பெனியில் எனக்கு முகர்ந்து பார்க்கும் வேலை. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு சோப்பை எடுத்து முகர்ந்து, போன முறை வந்த அதே வாசனைதானா என்று மார்க் போட வேண்டும். பூண்டும் வெங்காயமும் முந்தைய நாளிலிருந்தே தொடக் கூடாது. தினமும் காலையில் நோட்டில் ‘சாப்பிடவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அறைக்குள் விடுவார்கள். காண்ட்ராக்ட் ஆளாக மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். நிரந்தரம் செய்யும் பட்டியலில் என் பேரும் இருப்பதாகச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நான்கு மாதம் முன்பு குருபரப்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, மறுநாள் ஏலக்காயை மென்றபடி போய்க் கூசாமல் கையெழுத்துப் போட்டவள் நான். அன்று எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேடம் லீவு. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சேஃப்டி ஷூ போட்டுப் போட்டு வலது பாதத்தில் கால் ஆணி வந்திருந்தது. உத்தனப்பள்ளியில் தக்காளி போடும் என் வீட்டுக்காரர், மாட்டுக்கும் எனக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பவர். ஒரு காலையில் நாலு பல் பூண்டை நசுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“ஐயோ, பூண்டு வேண்டாங்க. வேலை போயிரும்.”

“வாயில போட்டாத்தான போவும்? இது கால்லதான. சும்மா நீட்டு.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. துணி வைத்துக் கட்டி, அதன் மேல் சாக்ஸும் ஷூவும் போட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாயில் லேசாகப் பூண்டு வாடை. மனப்பிரமை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

சோப்பைக் கொடுக்கக் குனிந்த மேடம் அப்படியே நின்றுவிட்டார். பெங்களூரிலிருந்து வருபவர், கன்னட வாடை அடிக்கும் தமிழ்.

“பூண்டு சாப்பிட்டீங்களா?”

“இல்லங்க மேடம். பிள்ளைங்க மேல சத்தியமா.”

“உங்க மூச்சுலயே வருதும்மா. நோட்ல சைன் வேற பண்ணிருக்கீங்க.”

பக்கத்து மேஜைப் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். வெளியே போய் மூன்று முறை கொப்பளித்தேன். பத்து நிமிஷத்தில் வாடை திரும்ப வந்தது. வயிற்றுக்குள் எதுவோ கெட்டுப்போய்விட்டதா, இல்லை அந்தப் பிரியாணிதான் நாலு மாதம் கழித்துப் பழிவாங்குகிறதா என்று உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபோது பாதம் எரிந்தது. அப்போதுதான் உறைத்தது.

கட்டை அவிழ்த்து எறிந்து, காலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூச்சில் மட்டும் வாடை போகவில்லை. மேடத்திடம் ஓடிச் சொன்னேன்.

“கால்ல இருந்து வாய்க்கா? கதை நல்லா இருக்கு” என்றவர், என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பட்டியலிலிருந்து என் பேரை அடித்துவிடுவார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நேற்று வீட்டுக்குப் போனதும் தன் உள்ளங்காலில் பூண்டைத் தேய்த்துப் பார்த்தாராம். முக்கால் மணி நேரத்தில் மூச்சில் வந்துவிட்டதாம்.

“நசுக்கின பூண்டோட சாரம் தோல் வழியா ரத்தத்துல போகுது. ரத்தம் நுரையீரலுக்குப் போகுது, அங்கிருந்து மூச்சுல வருது. சாப்பிட்டாலும் இப்படித்தான். மறுநாள் வரைக்கும் மூச்சுலயும் வேர்வையிலயும் வரும். வாய் கழுவினாலும் ஏலக்காய் மென்னாலும் நிக்காது.”

ஏலக்காய் என்றதும் எனக்கு அந்தக் கல்யாணத்து மறுநாள் ஞாபகம் வந்தது. அன்று என்னைக் காப்பாற்றியது ஏலக்காய் இல்லை, மேடத்தின் லீவு.

“சாரிம்மா” என்றார். “மூணு வருஷத்துல ஒருநாள்கூட நீங்க பொய் சைன் போட்டதில்ல. நான்தான் நம்பல. இனிமே உங்களுக்கு நோட்டு வேண்டாம். வாயால சொன்னாப் போதும்.”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

இப்போது நான் நிரந்தரம். மற்றவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட, மேடம் என்னைப் பார்த்து “இல்லதானே?” என்று மட்டும் கேட்பார். “இல்லங்க மேடம்” என்பேன். அது உண்மைதான். ஆனாலும் அவர் நகர்ந்து போகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டே நிற்கிறேன்.