மாடுகள் கால் வைக்காத வட்டம்

அந்தக் காலைப் பனிமூட்டத்துக்கு ஒரு மணம் இருந்தது... ஈரப் புல்லும், மாட்டு மூச்சும், கறந்த பாலும் கலந்த மணம்.

லண்டனுக்கு வருமுன் நானும் இவரும் அயர்லாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் இரண்டு வருடம் வேலை செய்தோம். இங்குள்ள சிநேகிதர்கள் பலருக்கு அது தெரியாது. பால் கறக்கும் மெஷின் என் பொறுப்பு. தீனியும் வேலியும் கன்றுகளும் இவருடையவை.

நடு வயலில் ஒரு வட்டம் இருந்தது. ஆளுயர மண் அணை, அதைச் சுற்றிப் பள்ளம், அணை மேல் முள்மரங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னர் ஒரு குடும்பம் மாடு கன்றோடு வாழ்ந்த வளவாம். வயல் முழுக்க உழும் டிராக்டர் அந்த இடத்தில் மட்டும் வளைந்து போகும். ஒரு கொப்புக்கூட வெட்டமாட்டார்கள்.

"அது அவர்களுடைய இடம்" என்பார் முதலாளி பாட்ரிக். யாருடைய இடமென்று சொல்லமாட்டார்.

அன்று அவர் சந்தைக்குப் போயிருந்தார். பிறந்து நாலே நாளான கன்றைக் காணவில்லை. தாய்ப்பசு அணைக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தோம்... உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

நாங்கள் போனோம். உள்ளே காற்றே இல்லை. கன்றின் குரல் மட்டும் கேட்டது...

எங்கள் காலுக்குக் கீழே இருந்து.

முள்மர வேரடியில் மண் இறங்கி ஒரு பொந்து திறந்திருந்தது. கல் அடுக்கிக் கட்டிய சுரங்கம்.

"வேண்டாமப்பா, பாட்ரிக் வரட்டும்."

"அதுக்கிடையிலை கன்று செத்துப்போகும், வதனி. நீ கயித்தைப் பிடி."

டோர்ச்சோடு தவழ்ந்து இறங்கினார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நின்றது. கன்றின் குரலும் நின்றது.

"இஞ்சாருங்கோ... கேக்குதோ?"

திரும்பக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். அப்போதுதான் அவர் குரல் வந்தது. மிக மெதுவாக...

"சத்தம் போடாதை. உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

கயிற்றை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. முதலில் கன்றின் தலை தெரிந்தது, பின்னால் இவர். கன்று தாயிடம் ஓடியது. இவர் மண் அணையில் இருந்துவிட்டார்.

"பின்னுக்கு ஒரு பிள்ளை இருமிச்சுது. ஆரோ அதின்ரை வாயைப் பொத்திச்சினம்..."

ஊரில் ஷெல்லடி நேரம் பங்கர்க் குழிக்குள் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. அன்று சொன்னார். வெளியே ஆமி நடந்து போனபோது தங்கச்சிக்கு இருமல். வாயைப் பொத்தியது இவருடைய கை. கையை எடுத்தபோது அவள் மயங்கிக் கிடந்தாளாம்.

அவள் பிழைத்துவிட்டாள். இன்று கனடாவில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படியென்றால் இவர் கேட்டது தன் ஞாபகத்தைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் பாட்ரிக் வந்ததும் நடந்ததைச் சொன்னோம். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"அந்தக் காலத்தில் கொள்ளைக்காரர் வரும்போது பிள்ளைகளோடு அதற்குள்தான் ஒளிந்திருப்பார்களாம்."

எங்களுக்கு அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்து இறங்கிப் பார்த்தார்கள். வெறும் சுரங்கம் என்றார்கள்.

அங்கே அப்போது கூப்பிடு தூரத்தில் ஒரு வீடுகூட இல்லை. இப்போது லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சுவருக்குச் சுவர் ஆட்கள். சில நேரம் வீட்டுக்கு அடியால் டியூப் ரயில் போவது மெல்லிய அதிர்வாகத் தெரியும். கதைத்துக்கொண்டிருக்கும் இவர் பாதியில் நிறுத்துவார். அது கடந்து போகும்வரை பொறுத்திருந்து மிச்சத்தைச் சொல்வார்.

"அப்பா, டிரெய்ன்தானே!" என்று மகள் சிரிப்பாள்.

நான் சிரிப்பதில்லை... நானும் சத்தம் போடாமல் இருப்பேன்.