சாமிப் பெட்டியில் கால் வைத்தவர்கள்

எங்கள் வீட்டில் போலீஸ் கஞ்சாவைக் கண்டுபிடித்ததாக இன்றைக்கும் தெருவில் சொல்கிறவர்கள் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போலீஸ் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டும் அவர்கள் கையில் ஒன்றும் அகப்படவில்லை. எடுத்துக் கொடுத்தது எங்கள் அம்மா.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தச்சநல்லூரைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. அப்பா நெல் மண்டியில் எடை போடுகிறவர். வெற்றிலை கூடப் போடமாட்டார். நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். மூன்றே பேர் உள்ள வீடு. ஆனால் மூலையில் பலகை மேல் இருந்த தகரப் பெட்டியையும் ஓர் ஆளாகச் சேர்த்துத்தான் அம்மா பேசுவாள். அது சுடலைமாடனின் பெட்டி. வருடா வருடம் கோயிலில் நடக்கிற கொடைத் திருவிழாவில் அப்பாதான் மாடனுக்கு ஆடுகிறவர். மாடன் அப்பா மேல் வந்து இறங்கும்போது போடுகிற, முழங்கால் வரைக்குமான சல்லடம், குல்லாய், கச்சை, கால்சலங்கை, கையில் பிடிக்கிற அரிவாள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. தாத்தாவுக்குப் பிறகு அப்பா போட்டார். சல்லடத்தின் சிவப்புப் பட்டு வெளுத்துப் போயிருந்தாலும் அதில் ஒரு தையல் போடக்கூட அப்பா யாரையும் விட்டதில்லை.

மாடனுக்குப் படைக்கிறபோது ஆட்டுக்கறி, சாராயம், சுருட்டோடு ஒரு சிட்டிகை கஞ்சாவும் வைப்பது எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் வழக்கம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கொடைக்கு முன்னால் மலையடிவாரத்திலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா அதைப் பேப்பரில் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். அவளைப் பொறுத்தவரை சுருட்டும் அதுவும் ஒன்றுதான், மாடனுக்குள்ளது. கடையில் விற்றால் போலீஸ் பிடிக்கும் என்று தெரியும். சாமியுடையதைப் பிடிப்பார்கள் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

அந்த வருடம் கொடைக்கு ஒரு வாரம் இருந்தது. கோயிலில் பந்தக்கால் நட்டு, அப்பாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. அப்பா மண்டிக்கு லீவு போட்டுவிட்டு மேல்துண்டோடு வீட்டில் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து, ரயில்வே கேட் பக்கத்தில் கஞ்சாப் பொட்டலம் விற்ற ஒருவனைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவன் எங்கள் தெருக் கடைசி வீட்டில் குடியிருந்தவன். அதற்குத் தண்டனையாகத் தெரு முழுக்கச் சோதனை.

காலையில் இட்லிக் கொப்பரை அடுப்பில் இருக்கும்போது வந்தார்கள். எஸ்.ஐ.க்கு முப்பது வயதுகூட இருக்காது. திசையன்விளைப் பக்கத்து ஆள். பேச்சிலேயே தெரிந்தது. கூட ஓர் ஏட்டு, இரண்டு போலீஸ்காரர்கள். பூட்ஸ் காலோடு உள்ளே வந்து பாயை உதறினார்கள். அரிசிப் பானைக்குள் லத்தியை விட்டுக் கிண்டினார்கள். என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தலைகீழாக உலுக்கினார்கள். என் உள்துணிகள் இருந்த டிரங்குப் பெட்டியை ஒரு போலீஸ்காரன் தரையில் கவிழ்த்துவிட்டு, லத்தி நுனியால் விலக்கி விலக்கிப் பார்த்தான். நான் குனிந்து எல்லாவற்றையும் வாரி அள்ளினேன். "ஏட்டி, தள்ளி நில்லு" என்றான். அந்த முகத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

டேப்ரிக்கார்டருக்குப் பில் கேட்டார் எஸ்.ஐ. பில் இல்லை. "களவு மாலா இருக்கும், எடுத்து வைங்க வே" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. விரதத்தில் கோபப்படக் கூடாது என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றும் கிடைக்காமல், டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். ஏட்டு மட்டும் பின்தங்கினார். பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. குனிய முடியாத வயிறு. சுற்றிப் பார்த்தார். மூலையில் வாகான உயரத்தில் பெட்டி. மேலே துணி மூடிக் கிடந்ததால் அதைத் திண்டு என்று நினைத்துச் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

"ஐயா, கால எடுங்க! கால எடுங்கங்கேன்! அதுல சாமிக்குள்ளது இருக்கு!"

ஏட்டு பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டார். அதோடு போயிருக்கும். எஸ்.ஐ. வாசலிலிருந்து திரும்பி வந்தார். "சாமிக்குள்ளதுன்னா என்னம்மா?" என்று தன்மையாகத்தான் கேட்டார். அம்மாவுக்கு அந்தத் தன்மை போதுமானதாக இருந்தது. தெரியாமல் செய்துவிட்டார்கள், விளக்கிச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"மாடனோட உடுப்பு, அருவா, சுருட்டு, கஞ்சா, எல்லாம் அதுலதான் இருக்கு. நாங்களே குளிக்காமத் தொடமாட்டோம். ஐயாமாரு தோல் பெல்ட்டெல்லாம் போட்டிருக்கிய, தொடாதிய."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எஸ்.ஐ. சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. பெட்டியைத் திறந்து, மாடனின் குல்லாயைத் தூக்கி ஏட்டின் கையில் கொடுத்து, சல்லடத்தை உதறி, பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார். ஒரு கைப்பிடிக்குக் காணாது.

"ஐயா, உங்க ஊர்லயும் மாடன் இருக்கும்லா?" என்றார் அப்பா. அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இருக்காரு வே. எங்க மாடன் சுருட்டோட நிறுத்திக்கிடுவாரு."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அரிவாளைப் பார்த்ததும் எஸ்.ஐ.யின் குரல் மாறியது. "ஆயுதம் வேற வச்சிருக்கியா லே?" என்று அப்பாவின் மேல்துண்டை முறுக்கிப் பிடித்தார். அப்பாவுக்கு அப்போது ஐம்பது வயது. காப்புக் கட்டின கை. அந்தத் துண்டைப் பிடித்தே வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

பிடித்த சாமான்களை எழுதுகிற மகஜரில் கையெழுத்துப் போட ஊர் ஆள் வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், கோயில் நிர்வாகம் அவர் கையில்தான். படைப்புக்கு என்னென்ன வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லுகிறவரே அவர்தான். 'பழைய துணிகள், மணிகள், அரிவாள் ஒன்று' என்று ஏட்டு எழுதினார். "பழைய துணியா?" என்றாள் அம்மா. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இது கோயில் காரியம் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அளவு கொஞ்சம் என்பதால் மறுநாளே அப்பாவை ஜாமீனில் விட்டார்கள். பெட்டியை விடவில்லை. வழக்குச் சொத்து, கோர்ட்டுக்குப் போகும் என்றார்கள். அம்மா ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள். உடுப்பை மட்டுமாவது கொடையன்றைக்குத் தாருங்கள், முடிந்ததும் நாங்களே கொண்டுவந்து தருகிறோம் என்று கெஞ்சினாள். வாடகைப் பாத்திரம் கேட்கிறவளிடம் பேசுவதுபோல, "பொறவு வா, பொறவு வா" என்று அனுப்பினார்கள். ஸ்டேஷன் வராந்தாவில் பிடித்து வைத்த சைக்கிள்களுக்கு அடியில் பெட்டி கிடந்ததாக அம்மா சொன்னாள். அதன் மேல் ஒரு போலீஸ்காரர் டீ கிளாஸ் வைத்திருந்தாராம். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்பா ஜாமீனில் வந்த அன்று சாயங்காலமே பெரியப்பா வந்துவிட்டார். உட்காரவில்லை.

"காப்புக் கட்டின கையோட ஸ்டேஷன் படி மிதிச்சாச்சு. எல்லையத் தாண்டியாச்சு. தீட்டுல்லா? உடுப்பும் இல்ல. இந்த வருசம் எம் மவன் ஆடட்டும். பொறவு பைய பாத்துக்கிடுவோம்."

"நானாவே தாண்டினேன்?" என்றார் அப்பா.

"யாரு தாண்ட வச்சா என்ன, தாண்டினது தாண்டினதுதானே."

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "கையெழுத்துப் போட்ட கைக்குத் தீட்டு இல்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். பொம்பளப்பிள்ளை பேசுகிற இடமா இது என்றார். அப்பாவும் என்னை முறைத்தார். பெரியப்பா போன பிறகு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒருதடவை இன்னொருவன் மாடன் உடுப்பைப் போட்டு ஆடிவிட்டால் பிறகு அது அவன் குடும்பத்துக்கு. அப்பாவிடம் நிலம் கிடையாது, சொந்த வீடு கிடையாது. மண்டியில் அவரை எடைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஊர் அவர் காலில் விழும். அந்த ஒரு நாளைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மகனுக்கு ஜங்ஷனில் தையல்காரரிடம் கொடுத்துப் புதுச் சல்லடம் தைத்தார்கள். ஜரிகையும் சம்கியுமாக மினுமினுவென்று இருந்தது. கொடை அன்று மதியக்கொடைக்கு அப்பா நாலு முழ வேட்டியோடு, வெறுங்கையோடு வந்து கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றார். வராதீர்கள் என்று அம்மா அழுது பார்த்தாள். "கும்பிடவாவது விடுவாவல்லா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வில்லுப்பாட்டு உச்சத்துக்கு ஏறியது. மேளக்காரர்கள் பீடத்துக்கு முன்னால் வந்து நின்று அடித்தார்கள். பெரியப்பா மகன் குதித்தான். ஆளும் வாட்டசாட்டம், சத்தமும் பெரிது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது, ஒரு கையால் சல்லடத்தின் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆடினான். அவிழ்ந்து விழுந்துவிடும் என்கிற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. சாமிக்கு எதற்கு அந்தப் பயம்? குலவை தானாகக் குறைந்தது. மேளக்காரர் அடிப்பதை விடாமல் கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறதுபோலப் பார்த்தார்.

அப்பாவின் தோள்பட்டை முதலில் ஆடியது. பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். பிறகு ஒரு கூப்பாடு. அந்தக் குரல் எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்காத குரல். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பந்தல் தூணில் சாத்தியிருந்த மூங்கில் கம்பு ஒன்றை உருவிக்கொண்டு பீடத்துக்கு வந்தார். சலங்கை இல்லை, குல்லாய் இல்லை. மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள்மாதிரிதான் இருந்தார். மேளக்காரர்கள் அப்படியே அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். பெரியப்பா மகன் ஒதுங்கி நின்று தண்ணீர் கேட்டான். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான், ஆனாலும் அன்று தொண்டை கிழியக் குலவை போட்டேன். அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆட்டம் தணிந்து திருநீறு கொடுக்கிற நேரம். பந்தோபஸ்துக்கு வந்திருந்த அதே எஸ்.ஐ. ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். பெரிய மனிதர்களுக்கு முதல் மரியாதை என்று பெரியப்பா ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தார். எஸ்.ஐ. பூட்ஸைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்து அப்பா முன்னால் நின்றார். ஆறே நாளைக்கு முன்னால் அப்பாவின் துண்டை முறுக்கின கை அது. இப்போது கும்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா திருநீற்றுக் கொப்பரைக்குள் கையை விட்டார். கையை வெளியே எடுக்கவில்லை.

"எம் பெட்டி எங்கலே?"

மேளம் நின்றுவிட்டது. எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார்.  

"கோர்ட்டுல இருக்கு, சாமி" என்றார் எஸ்.ஐ.

"அப்பம் திருநீறையும் அங்கனயே போய் வாங்கிக்கோ."

சொல்லிவிட்டு அப்பா அவரைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அது பலூன் விற்கிற ஒரு கிழவர். அவர் நெற்றி நிறைய அள்ளிப் பூசினார். பின்னால் யாரோ ஒருத்தி குலவை போட, கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. எஸ்.ஐ. வெறும் நெற்றியோடு, வெறுங்காலோடு, அந்தக் குலவைக்குள் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு வந்து என்ன செய்யப் போகிறானோ என்று அம்மா நடுங்கினாள். நான் நடுங்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெட்டி திரும்பி வரவே இல்லை. வழக்கு முடிந்து போய்க் கேட்டபோது, அழித்துவிட்டோம் என்றார்கள். அப்பா சாகும்வரை அந்த மூங்கில் கம்போடும் நாலு முழ வேட்டியோடும்தான் ஆடினார். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. அன்றைக்குப் பேசினது மாடனா, நீங்களா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்? நான் எங்க இருந்தேன்?" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் புறப்பட்டார். மாடன் பேசியிருந்தால் மாடனைக் கும்பிடுகிறேன். அப்பா பேசியிருந்தால், அவரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கும்பிடுகிறேன்.