என் காலத்துக்கு அப்புறம்

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி என்றால் பிள்ளைகளுக்கு மரியாதை. போரில் ஜெயித்தவர், ராஜாவாகாதவர், இரண்டு தடவை ஆண்டுவிட்டுத் தானாகவே பண்ணைக்குத் திரும்பியவர். தானாக நாற்காலியை விட்டவர் என்றாலே எனக்குச் சந்தேகம். அந்தப் பண்ணையில் உழைத்தவர்கள் அடிமைகள். தனக்குச் சொந்தமானவர்களுக்கு உயிலில் விடுதலை எழுதினார், அதுவும் மனைவியின் காலத்துக்கு அப்புறம்தான் என்று.

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாக்கு இருந்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமியார், தன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்தவளிடம், "என் காலத்துக்கு அப்புறம் பின்னாடி இருக்கிற சின்ன வீடு உனக்குத்தான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். முன்வீடு எப்படியும் எங்களுக்கு. இருந்தாலும் அன்றிலிருந்து மாமியாருக்கு அவள் கொண்டுவரும் கஞ்சியை முதலில் நான் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பேன். கேட்டால், "உப்பு பார்க்கிறேன்" என்பேன்.

ஒரு நாள் மாமியாருக்கு வாந்தி. நான் நேராக அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சாயங்காலம் மாமியாரிடம் அந்த ஜனாதிபதி மனைவியின் கதையைச் சொன்னேன். தன் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று அந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டதாம்.

"நீங்களும் வாக்கைத் திரும்ப வாங்கிடுங்க அத்தை."

அவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க இருமினாக்கூட எல்லாரும் என் மூஞ்சியதாம்மா பாக்குறாங்கோ. எனக்கு அந்த வூடே வாணாம். பேஜாரா கீது."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "பயந்துபோய் அந்த அம்மா என்ன செஞ்சாங்க?"

"அப்படிக் காத்திருந்தவங்க எல்லாரையும் முன்னாடியே விடுதலை செஞ்சுட்டாங்க" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாத்தியார் வாய், வரவில்லை.

அடுத்த வாரமே மாமியார் அவளையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பத்திர ஆபீசுக்குப் போனார். சின்ன வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டு பேரும் களைத்து வந்திருந்ததால் அன்றைக்குக் கஞ்சியை நானே வைத்தேன்.

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவள், ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் மாமியாரிடம் நீட்டினாள்.

"உப்பு பாத்தேங்க்கா" என்றாள் என்னிடம்.