தேநீரில் இறங்கிய ஊக்கு

தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளைக்குப் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான பெண். டிக்கெட்டைக்கூடத் திரியாக முறுக்கிக்கொண்டே இருக்கும் விரல்கள்.

“அக்கா, அந்த டீயக் கொஞ்சம் தாங்க,” என்று நான் டீ ஊற்றி வைத்திருந்த ஃப்ளாஸ்க் மூடியை வாங்கி, ஒரு நூலில் ஊக்கைக் கட்டி உள்ளே இறக்கினார். சூடு பட்டதும் நூல் சுருங்கி ஊக்கை வெளியே தூக்கியது. ஆறியதும் மறுபடி இறக்கியது.

“நாங்க ஆராய்ச்சி லெப்ல செஞ்ச நூலுங்க. விரல் மடங்காதவங்களுக்கு விரல மடக்கிவிடுற கையுறை இதுல செய்யப் போறோம். நேத்து வரைக்கும் அறுந்துகிட்டே இருந்துச்சு.”

“நான் ரப்பர்ப் பால் வெட்டுறேன். வெயில் ஏறினா எங்க மரம் பால் வடியாம வேலைய நிறுத்திரும்,” என்றேன்.

“இது சூடு பட்டாத்தான் வேலைக்கே வரும்,” என்று சிரித்தார்.

எட்டிப் பார்த்த கண்டக்டர், ஊக்கு ஏறி இறங்குவதை இன்னொரு தரம் காட்டச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டார். காட்டியதில் அந்தப் பெண்ணின் இறங்குமிடம் தாண்டிவிட்டது. அவர் சிரித்தபடி இறங்கி ஓடினார், என் மூடியோடு.

இப்போது ஃப்ளாஸ்க்கிலேயே வாய் வைத்துக் குடிக்கிறேன். உதடு சுடும்போதெல்லாம், எங்கோ யாருக்கோ ஒரு விரல் மடங்கியிருக்கும் என்று தோன்றுகிறது.