பத்து கம்ப்யூட்டரும் ஒரு ரோஸ் சுவரும்

குடிகாடு என்ற ஊர்ப் பெண் ஜான்சி, சிதம்பரத்தில் ஒரு இன்ஜினியரிடம் நான்கு வருடம் பிளான் வரைந்தாள். கட்டாத வீட்டைக் கட்டியது போலவே கம்ப்யூட்டரில் காட்டும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டு, 2012இல் தனியாகத் தொழில் தொடங்கினாள். மாடியில் ஓர் அறை, பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதுதான் கம்பெனி.

முதல் பெரிய வேலை கொடுத்தவர் ஹிதாயத்துல்லா. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார்.

"திங்கக்கெழம மத்தியானம் கெளம்புறேன். அதுக்குள்ள எங்க உம்மாவுக்கு புது வீட்டுக்குள்ள நடந்துபோற மாதிரி காட்டணும். பிளானக் காட்டுனா அவுங்களுக்கு ஒண்ணும் புரியல."

"காட்டிடலாம் சார்" என்று ஜான்சி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வினாடிக்கு இருபத்தைந்து படம் வீதம், முப்பத்தாறு வினாடி ஓடத் தொள்ளாயிரம் படங்கள் வேண்டும். புது சாஃப்ட்வேர் அவற்றை மளமளவென்று போட்டுத் தள்ளும். ஆனால் அதற்கென்று ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும். ஜான்சியின் கம்ப்யூட்டரில் அது இல்லை. கார்டு இல்லாமல் போட்டதில் ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. கணக்குப் போட்டாள். ஏழரை நாள்! அன்று வியாழக்கிழமை.

புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டாள். "கார்டு இருக்கும்மா. ஆனா ஒங்க பொட்டிக்குள்ள நுழையாது, கரன்ட்டும் பத்தாது. எல்லாத்தையும் மாத்தணும்" என்றார் கடைக்காரர். வெளிநாட்டில் கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டு ஃபைலை இன்டர்நெட்டில் அனுப்பிப் பார்த்தாள். நூற்றில் நாலு பங்கு ஏறியதும் லைன் போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல லைன் கிடைக்குமா என்று இம்தியாஸின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். பத்து கம்ப்யூட்டர், ஆட்கள் இரண்டே பேர். இங்கேயும் எதிலும் கார்டு கிடையாது. ஆனால் பத்தும் சும்மா கிடந்தன. பத்து பேர் பங்கு போட்டுக்கொண்டால்?

"பாய், ஞாயித்துக்கெழம கடை லீவுதானே? பத்து மெஷினையும் எனக்குக் குடுங்க."

"பத்தையும் வச்சி இன்னா பண்ணப்போற?"

ஜான்சி சொன்னாள். இம்தியாஸ் சிரித்துவிட்டார். "கேம் ஆடுறதத் தவிர அதுங்க ஒண்ணும் பாத்ததில்ல. ஒரு நாளு ஒழைக்கட்டும்."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வேலை சீக்கிரம் முடிய ஜன்னல் கண்ணாடிப் பளபளப்பைக் குறைத்து, படத்தின் அளவையும் சுருக்கினாள். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பென்டிரைவோடு ஒவ்வொரு மெஷினாக நகர்ந்து, ஆளுக்குத் தொண்ணூறு படம் என்று பிரித்துக் கொடுத்தாள். கடை முழுக்க ஃபேன் இரைச்சல், அடுப்படி மாதிரி சூடு.

பதினொரு மணிக்குக் கரன்ட் போனது. ஜான்சிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மணிக்கு வந்ததும் ஓடிப் பார்த்தாள். முடிந்த படங்களெல்லாம் பத்திரமாக இருந்தன. பாதியில் நின்றவை மட்டும்தான் போயிருந்தன. இரவு எட்டுக்குள் தொள்ளாயிரமும் முடிந்தது.

திங்கள் காலை எல்லாவற்றையும் கோத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறாவது மெஷினில் ஹால் சுவருக்கான கல் டிசைனைப் போட மறந்திருக்கிறாள். டிசைன் கிடைக்காத இடத்தை சாஃப்ட்வேர் ரோஸாகக் காட்டும். மூன்றரை வினாடிக்குச் சுவர் பளிச்சென்று ரோஸாக வந்து மறைந்தது. மாற்ற நேரமில்லை, ஹிதாயத்துல்லா உம்மாவோடு படியேறிக்கொண்டிருந்தார்.

ஆசியா உம்மாள் மூச்சு வாங்க உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். ரோஸ் வந்ததும் ஜான்சி, "மன்னிச்சிக்குங்கம்மா, ஒரு மெஷின்ல..." என்று தொடங்கினாள்.

"ரோஸு நல்லாத்தான இருக்கு? அதயே அடிக்கச் சொல்லு. இன்னொருவாட்டி போடு புள்ள."

இரண்டாவது முறை பார்த்துவிட்டு மகனிடம் திரும்பினார். "எனக்கு ஏன்டா மாடில ரூமு? இந்த மாடி ஏறவே முட்டி போச்சி."

ஹிதாயத்துல்லா ஆறு மாதமாகச் சிங்கப்பூரிலிருந்து பார்த்துப் பார்த்துப் போட்ட பிளான்! உட்கார்ந்த இடத்திலிருந்தே வீடு கட்டும் இன்ஜினியருக்குப் போன் போட்டு, உம்மாவின் அறையைக் கீழே கொண்டுவரச் சொன்னார்.

"நல்லவேள, செவுரு எழும்புறதுக்கு முன்னாடி காட்டுன ஜான்சி" என்றார்.

அவர்கள் போன பிறகு ஜான்சி படத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். பிறகு இம்தியாஸுக்குப் போன் போட்டு, அடுத்த ஞாயிறும் கடை வேண்டும் என்றாள்.